உறுதிக்கூற்று: நிரற்பிழையைப் பிறந்த இடத்திலேயே காணும் முறை

2001 ஆம் ஆண்டு மார்ச் 28 ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவில் ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட் தன் முதற் பயணத்திற்கு ஆயத்தமாக நின்றது. திருச்சானூர் அமைந்துள்ள இன்றைய திருப்பதி மாவட்டத்தின் கடலோரத்திலேயே இந்த ஏவுதளமும் உள்ளது. ராக்கெட்டின் பக்கங்களில் பொருத்தப்பட்டிருந்த நான்கு திரவ எரிபொருள் எந்திரங்களும், புறப்பாட்டிற்கு 4.8 விநாடி இருக்கையில் இயங்கத் தொடங்க வேண்டும். அன்று அவற்றுள் ஒன்று போதிய உந்துவிசையைத் தரவில்லை. கணிப்பொறி இதனைக் கண்டு, ஒரு விநாடியே எஞ்சியிருந்த நிலையில் புறப்பாட்டைத் தானே நிறுத்திவிட்டது. ராக்கெட் தப்பியது, பழுது நீக்கப்பட்டு ஏப்ரல் 18 ஆம் நாள் விண்ணில் எழுந்தது.

எந்திரங்கள் நான்கும் சரியாக இயங்கும் என்பதை வெறும் நம்பிக்கையாக விடாமல், சோதிக்கத்தக்க நிபந்தனையாக முன்கூட்டியே கணிப்பொறிக்குக் கொடுத்திருந்தமையே இதற்குக் காரணமாகும். நிரல் எழுதுவோரும் இதே முறையைக் கையாளுகின்றனர். “இவ்விடத்தில் இது மெய்யாக இருக்க வேண்டும்” என நிரலினுள் எழுதிவைக்கும் நிபந்தனை உறுதிக்கூற்று எனப்படும். 1949 ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் மாநாட்டில் ஆலன் டூரிங் இக்கருத்தை எடுத்துரைத்தார். நீண்ட கூட்டற் கணக்கில் இடையிடையே வரும் எண்களையும் குறித்துவைத்தால் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே சரிபார்க்கலாம். நிரலுக்கும் அவ்வாறே செய்யலாம் என்பது அவர் காட்டிய வழி.

உலாவியில் இயங்கும் விதம்

இணையப் பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் இதற்கெனக் ‘கன்சோல் அசெர்ட்’ என்னும் ஆணை உண்டு. அதற்கு இரண்டு பகுதிகள்: முதலாவது நிபந்தனை, இரண்டாவது செய்தி. நிபந்தனை மெய்யாயின் யாதொன்றும் தோன்றாது. பொய்யாயின், அச்செய்தி நிரலின் வரி எண்ணுடன் கன்சோல் பலகையில் பிழையாகத் தோன்றும். பெரும்பாலான உலாவிகளில் எஃப் 12 விசையை அழுத்தினால் இப்பலகையைக் காணலாம்.

ஓர் எடுத்துக்காட்டு

திருச்சானூரில் ஒரு பள்ளி மழைமானி வைத்து, நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளவெடுத்து, அதனை ஓர் இணையப் பக்கத்தில் பதிவு செய்வதாகக் கொள்க. முதல் நாள் 12 மி.மீ.; மறுநாள் 5 மி.மீ. மொத்தம் 17 என வர வேண்டும். ஆனால் பக்கம் 125 எனக் காட்டுகிறது! படிவத்தில் தட்டும் அளவு எண்ணாக வருவதில்லை. எழுத்துத் தொடராகவே வருகிறது. கூட்டற்குறி எழுத்துத் தொடர்களைக் கூட்டாது, ஒட்டிவிடும். கூட்டுவதற்கு முந்திய வரியில் “இரு அளவுகளும் எண் வகையைச் சேர்ந்தவை” என்னும் உறுதிக்கூற்று இருந்திருந்தால், பிழை அங்கேயே வெளிப்பட்டிருக்கும்.

125 என்பது எவர் கண்ணையும் உறுத்தும். உறுத்தாத பிழையே கொடியது. வெற்றிடமாக விடப்பட்ட கட்டத்தை எண்ணாக மாற்றினால் சுழி கிடைக்கும். அளவெடுக்கப்படாத நாள் மழையற்ற நாளாகப் பதிவாகிவிடும். ஆகவே எண்ணாக மாற்றுவதற்கு முன்பே “கட்டம் வெற்றாக இல்லை” என்றும், மாற்றிய பின் “அளவு சுழிக்குக் குறையவில்லை” என்றும் உறுதிக்கூற்றுகள் அமைத்தல் வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

முதலாவதாக, நிபந்தனையை மறந்து செய்தியை மட்டும் எழுதினால் ஆணை என்றும் வாய் திறவாது. வெற்றல்லாத எழுத்துத் தொடரை ஜாவாஸ்கிரிப்ட் மெய்யெனவே கொள்ளும். இரண்டாவதாக, நிபந்தனைக்குள் ஒற்றைச் சமக்குறி இடலாகாது. அது ஒப்பிடுவதற்குப் பதிலாக மதிப்பையே மாற்றிவிடும்.

மூன்றாவது, யாவற்றினும் முக்கியமானது. ஸ்ரீஹரிகோட்டாவின் கணிப்பொறி பிழை கண்டதும் பணியை நிறுத்தியது. கன்சோல் அசெர்ட் நிறுத்துவதில்லை. செய்தியைச் சொல்லிவிட்டு நிரலை மேலே செல்லவிடும். பலகையைத் திறந்து பாராதவருக்கு அச்செய்தியும் எட்டாது. எனவே இது நிரல் எழுதுவோருக்குரிய கருவியேயன்றிக் காவலன் அன்று. தவறான அளவு பதிவேட்டில் ஏறாமல் தடுப்பதற்கு, அதனை ஏற்க மறுக்கும் தனிச் சோதனையையும் நிரலில் எழுதுதல் இன்றியமையாதது.

வகுப்பில் இதனை விளக்க விரும்பும் ஆசிரியர், மாணவரிடம் 12, 5 என்னும் அந்த இரண்டு எண்களையே முதலில் கொடுக்கலாம். 125 என்ற விடையைக் கண்டபின், பிழை எவ்வரியில் பிறந்தது என அவர்களே தேடத் தொடங்குவர்.