எதிர்ப்பு சக்தி இல்லாமல் பிறக்கும் குழந்தைகள்: செல் சிகிச்சை எங்கே கைகொடுக்கும்?

“முதல் பிள்ளை ஆறாம் மாதத்தில் சளிக் காய்ச்சலில் போய்விட்டது. இரண்டாவது பிள்ளையும் அப்படித்தான்.” இப்படிச் சொல்லும் குடும்பங்கள் நம் ஊர்களில் உண்டு. ஆயுள் அவ்வளவுதான் என்று பெரியவர்கள் ஆறுதல் சொல்வார்கள். அந்த ஆறுதல் தேவைதான். ஆனால் ஒரே வீட்டில் இரண்டு குழந்தைகள் ஒரே விதமாக இறந்திருந்தால், அடுத்த குழந்தை பிறக்கும் முன்பே மருத்துவரிடம் அதைச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் அந்தக் குழந்தைகளுக்குப் பிறவியிலேயே நோய் எதிர்ப்பு சக்தி இல்லாமல் இருந்திருக்கலாம். அதைக் குணப்படுத்தும் வழி இன்று தமிழ்நாட்டிலேயே இருக்கிறது.

கிருமிகளை எதிர்க்கும் வெள்ளையணுக்கள் எலும்பு மஜ்ஜையில் உள்ள ஸ்டெம் செல்களிலிருந்து பிறக்கின்றன. மரபணுக் கோளாறால் இந்த அணுக்கள் உருவாகாமலோ, உருவாகியும் வேலை செய்யாமலோ போவதுண்டு. அதில் மிகக் கடுமையான வகையை ‘ஸ்கிட்’ என்பார்கள். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் புரதங்கள் முதல் சில மாதங்கள் காக்கும். அதன் பிறகு சாதாரணச் சளியும் வயிற்றுப்போக்குமே உயிருக்கு ஆபத்தாகிவிடும். மருந்து கொடுத்துக் கிருமியை அடக்கலாம், ஆனால் எதிர்ப்பு சக்தியை மருந்தால் உண்டாக்க முடியாது. இன்னொருவரின் ஆரோக்கியமான ஸ்டெம் செல்களை ஏற்றினால், அவை குழந்தையின் எலும்புக்குள் குடியேறிப் புதிய வெள்ளையணுக்களை உருவாக்கும். செல் சிகிச்சைகளில் மிகப் பழையதும் உறுதிப்பட்டதும் இதுதான்.

1968இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ராபர்ட் குட் தலைமையிலான குழு இதை முதன்முதலில் செய்து காட்டியது. பல ஆண் குழந்தைகளைப் பறிகொடுத்த குடும்பம் அது. ஐந்து மாத ஆண் குழந்தைக்கு அவன் அக்காவின் மஜ்ஜையை ஏற்றினார்கள், பிழைத்தான். வேலூர் சிஎம்சி 1986இல் மஜ்ஜை மாற்று சிகிச்சையைத் தொடங்கியது. சென்னையிலும் இன்று இது நடக்கிறது.

இதில் எல்லாவற்றையும் விட முக்கியம் நேரம். வட அமெரிக்க மருத்துவமனைகளில் 240 ஸ்கிட் குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு 2014இல் வெளியானது. மூன்றரை மாதத்துக்குள் சிகிச்சை பெற்றவர்களில் 94 சதவீதம் பேர் ஐந்து ஆண்டுகள் கடந்தும் உயிருடன் இருந்தார்கள். அந்த வயதைத் தாண்டி, உடலில் தொற்று இருக்கும்போதே சிகிச்சை பெற்றவர்களில் பாதிப் பேர்தான் பிழைத்தார்கள்.

கல்வராயன் மலையின் வெள்ளிமலையில் இருக்கும் ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். மலை இறங்கிக் கள்ளக்குறிச்சி வர வேண்டும், அங்கிருந்து வேலூரோ புதுச்சேரி ஜிப்மரோ போக வேண்டும். இதில் வாரங்கள் ஓடிவிடும். ஆனால் முதல் சந்தேகத்தை எழுப்பப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. சாதாரண ரத்த அணுக்கள் எண்ணிக்கைப் பரிசோதனை போதும். கைக்குழந்தைக்கு ‘லிம்போசைட்’ என்ற வெள்ளையணு கன மில்லிமீட்டருக்கு 3,000க்குக் கீழே இருந்தால் அது கவனிக்க வேண்டிய விஷயம். பெரியவர்களுக்கு அந்த அளவு இயல்பானது, அதனால் அறிக்கையைப் பார்ப்பவர்கள் தவறவிடுவதும் உண்டு. வருடத்தில் இரண்டு முறை நிமோனியா, ஆறாத வாய்ப்புண், எடை ஏறாமை, மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் கொடுத்தும் பலனின்மை ஆகியவையும் எச்சரிக்கைகள்.

தடுப்பூசி விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். பிசிஜி, போலியோ சொட்டு, ரோட்டா மருந்து மூன்றிலும் வலுக்குறைத்த உயிர்க்கிருமி உள்ளது. ஸ்கிட் குழந்தைக்கு அதுவே நோயாகலாம். எனவே முன்பு குழந்தைகளை இழந்த குடும்பங்கள் பிரசவத்துக்கு முன்பே மருத்துவரிடமும் கிராம சுகாதார செவிலியரிடமும் சொல்ல வேண்டும். மற்றவர்கள் இதைக் காரணம் காட்டித் தடுப்பூசியைத் தள்ளிப்போடக் கூடாது. ஸ்கிட் மிக அரிது, தடுப்பூசி தடுக்கும் நோய்கள் அப்படியல்ல.

உறவுக்குள் திருமணம் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் சுமார் 28 சதவீதத் திருமணங்கள் உறவுக்குள் நடந்தவை. எல்லாச் சமூகங்களிலும் இந்த வழக்கம் உண்டு. மார்க்கம் அத்தை மகன், மாமன் மகள் திருமணத்தை அனுமதிக்கிறது, கட்டாயமாக்கவில்லை. பெற்றோர் இருவரும் ஒரே குறைபாட்டு மரபணுவைச் சுமந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் நோய் வரும். உடன்பிறந்தவரின் மஜ்ஜை முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பும் அதே நான்கில் ஒன்றுதான். உறவுக்குள் மணந்த குடும்பங்களில் சித்தப்பா, மாமா வழியிலும் பொருத்தம் கிடைக்கும் வாய்ப்பு மற்றவர்களை விடச் சற்று அதிகம். யாரும் பொருந்தாவிட்டால் பாதிப் பொருத்தமுள்ள வாப்பாவோ உம்மாவோ கொடுக்கும் முறையும் வந்துவிட்டது. கொடுப்பவருக்குச் சில வாரங்களில் மஜ்ஜை மீண்டும் ஊறிவிடும். உறுப்பை இழப்பது போன்றதல்ல இது. கூடுமா கூடாதா என்று ஆலிமிடம் கேட்பவர்கள் இந்தத் தகவலையும் சேர்த்துச் சொல்லிக் கேளுங்கள்.

சிகிச்சை எளிதானதல்ல. பெரும்பாலும் முன்னதாகக் கீமோ மருந்து தருவார்கள். வந்த செல்கள் குழந்தையின் உடலையே தாக்கும் ஆபத்தும் உண்டு. செலவும் பல லட்சம் ஆகும். மத்திய அரசின் 2021 அரிய நோய்க் கொள்கையில் ஸ்கிட் இடம்பெற்றுள்ளது. அதற்கென அறிவிக்கப்பட்ட மையங்கள் மூலம் 50 லட்சம் ரூபாய் வரை உதவி பெற வழியிருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டையும் மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் விசாரியுங்கள்.

எதிர்ப்பு சக்தி இல்லாதது ஒரு பக்கம் என்றால், அது சொந்த உடலையே தாக்குவது இன்னொரு பக்கம். லூபஸ் அப்படிப்பட்ட நோய், பெரும்பாலும் இளம்பெண்களுக்கு வருவது. 2021இல் ஜெர்மனியின் எர்லாங்கன் நகர மருத்துவர்கள் 20 வயதுப் பெண் ஒருவரின் டி-செல்களை எடுத்து, மரபணு மாற்றி, அவர் உடலில் நோயை உண்டாக்கும் பி-செல்களை அழிக்கும்படி திருப்பி ஏற்றினார்கள். ‘கார்-டி’ எனப்படும் இந்த முறையில் நோய் அடங்கியது. 2024இல் வெளியான 15 பேரின் முடிவுகளும் நம்பிக்கை தருகின்றன. ஆனாலும் லூபஸுக்கு இது ஆய்வு நிலையில் உள்ள சிகிச்சைதான். இந்தியாவில் 2023இல் அனுமதி பெற்ற, மும்பை ஐஐடியும் டாடா மருத்துவமனையும் உருவாக்கிய நெக்ஸ்கார்19 ரத்தப் புற்றுநோய்களுக்கானது. இன்று மூட்டு வீக்கத்தோடு இருக்கும் நம் வீட்டுப் பெண்ணுக்கு மருத்துவர் தந்த மாத்திரைகளே சிகிச்சை. அவற்றைத் தாமாக நிறுத்தக் கூடாது.

இந்த நம்பிக்கையை வைத்து வியாபாரம் செய்பவர்கள் இருக்கிறார்கள். “ஸ்டெம் செல் ஊசி போட்டால் முடக்குவாதம் போகும், லூபஸ் போகும்” என்று லட்சக்கணக்கில் கேட்பார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி, குறிப்பிட்ட ரத்த, எதிர்ப்பு சக்தி நோய்களுக்கான மஜ்ஜை வகை மாற்றைத் தவிர மற்ற ஸ்டெம் செல் பயன்பாடு அனைத்தும் ஆய்வே. ஆய்வுக்கு வருபவரிடம் அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. ‘இது ஆய்வுதான்’ என்று சொன்னால், மருத்துவ ஆய்வுகளுக்கான இந்தியப் பதிவேட்டில் அதன் பதிவு எண் என்ன என்று கேளுங்கள். அந்தப் பதிவேட்டை இணையத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். பணம் கட்டும் முன் வீட்டில் படித்த பிள்ளையை விட்டு அந்த எண்ணைத் தேடச் சொல்லுங்கள்.