வாகனத்துக் குளிர்சாதனப் பெட்டியும் இரண்டாவது பற்றறியும்

"தம்பி, பெட்டிக்குள்ளை வெளிச்சம் வரேல்லை."

மாமி இவ்வாறு கூறியபோது காலை ஆறு மணி. 2023 ஓகஸ்ட் மாதம், தென் பிரான்சின் ஆர்டெஷ் ஆற்றங்கரையில் ஒரு முகாம் திடலில் எமது பழைய வாகனம் நின்றுகொண்டிருந்தது. (முகாம் என்னும் சொல்லுக்கு நம்மவரிடையே வேறு பொருள் உண்டு. இங்கே அது பணம் கொடுத்து விரும்பித் தங்கும் இடம்.) மின் இணைப்பு உள்ள இடத்திற்கு வாடகை அதிகம் என்பதால் இணைப்பற்ற இடத்தையே நாம் எடுத்திருந்தோம். பகலில் வெயில் 35 பாகையைத் தாண்டியது. குளிர்சாதனப் பெட்டிக்குள் பிள்ளைகளின் பாலும் முதல் நாள் வாங்கிய மீனும் இருந்தன. அவை பழுதானால் மீண்டும் வாங்கலாம். அவற்றின் பக்கத்தில் மாமியின் இரண்டு மாத இன்சுலினும் இருந்தது. பயன்படுத்தத் தொடங்காத இன்சுலின் 2 முதல் 8 பாகை வரையான குளிரில் இருத்தல் வேண்டும்.

வாகனத்தை இயக்க முயன்றேன். ஒரு 'டிக்' என்ற ஒலி மட்டும் கேட்டது. அடுத்த திடலில் தங்கியிருந்த ஒல்லாந்துத் தம்பதியர் இன்சுலினைத் தமது பெட்டியில் வைத்துக்கொண்டனர். அவர்களது வாகனத்திலிருந்து கம்பி தொடுத்து எமது இயந்திரத்தையும் உயிர்ப்பித்தனர். அன்று தப்பியது அவர்களின் தயவால்.

பிழை எங்கே என்பதை வீடு திரும்பிய பின்னரே கணக்கிட்டுப் பார்த்தேன். வாகனத்தை எமக்கு விற்றவர் குளிர்சாதனப் பெட்டியை இயந்திரத்தை இயக்கும் பற்றறியிலேயே பொருத்தியிருந்தார். அப்பற்றறியின் கொள்ளளவு 70 அம்பியர் மணி. அமுக்கி வகைப் பெட்டி ஓடும்போது ஏறத்தாழ 4 அம்பியர் எடுக்கும். ஓடி ஓடி நிற்பது அதன் இயல்பு. ஆயினும் அந்த வெயிலில் அது பாதி நேரமாவது ஓடியிருக்கும். எனவே சராசரி 2 அம்பியர். நாம் வந்து நிறுத்தியது முதல் நாள் மாலை நான்கு மணி. மூன்றாம் நாள் காலை ஆறு மணிவரை 38 மணி நேரம், அதாவது 76 அம்பியர் மணி. பற்றறி வரண்டதில் வியப்பில்லை. தாழ்ந்த மின்னழுத்தத்தில் தானே நின்றுவிடும் பாதுகாப்பு அப்பெட்டியில் இருந்தது. ஆனால் அதை எவரோ மிகக் கீழான நிலையில் வைத்திருந்தனர்.

இயந்திரத்தை இயக்கும் பற்றறி, சில நொடிகளுக்கு நூற்றுக்கணக்கான அம்பியரை அள்ளி வீசுவதற்கென ஆக்கப்பட்டது. சிறுகச் சிறுக ஆழமாக வெறுமையாக்கினால் அது விரைவில் பழுதாகும். ஆகவே குளிர்சாதனப் பெட்டிக்கும் விளக்குகளுக்கும் தனியான இரண்டாவது பற்றறி வேண்டும். எத்தனை பெரியது என்பதைக் கடைக்காரரிடம் கேட்பதற்கு முன் வாசகர்கள் தாமே கணக்கிடுவது நன்று. எமது கணக்கு இது. பெட்டிக்கு நாளொன்றுக்கு 48 அம்பியர் மணி. 3 வாற் எல்.ஈ.டி. விளக்குகள் நான்கு, நான்கு மணி நேரம் எரிய வெறும் 4 அம்பியர் மணி. கைத்தொலைபேசிகள் நான்குக்கு 6. ஆக 58. விளக்கைப் பற்றிக் கவலைப்படுவோர் பலர். உண்மையில் தின்பது பெட்டிதான்.

எரிவாயுவிலும் மின்சாரத்திலும் இயங்கும் பழைய உறிஞ்சல் வகைப் பெட்டி வைத்திருப்போர் கவனிக்க: 12 வோல்ற்றில் அது 10 அம்பியர் அளவில் இடைவிடாது எடுக்கும். ஓடும்போது மட்டும் மின்சாரம், நின்றால் எரிவாயு என்பதே அதற்குரிய முறை. சோற்றுக் குக்கரை இன்வேற்றரில் இணைக்க விரும்புவோருக்கும் ஒரு சொல். 600 வாற் குக்கர் அரை மணி நேரத்தில் 25 அம்பியர் மணிக்கு மேல் விழுங்கிவிடும். பெட்டியின் அரைநாள் உணவு அது. சோற்றை எரிவாயு அடுப்பில் வடிப்பதே மேல்.

இத்தகைய கணக்கு நம்மவருக்குப் புதியதன்று. 1990க்குப் பின் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, பொருளாதாரத் தடையால் பற்றறியும் இல்லை. மிதிவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டோம். சுற்றும் கை ஓய்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் ஓய்ந்துவிடும். ஜாம் போத்தல் விளக்கில் எத்தனை சொட்டு மண்ணெண்ணெய்க்கு எத்தனை பக்கம் படிக்கலாம் என்பது அன்று சிறுவருக்கும் தெரியும். சுவரில் சுவிற்சைத் தட்டியே வளர்ந்த என் மகனுக்கு இதை விளங்கப்படுத்த ஒரு மாலைப்பொழுது சென்றது.

இனிப் பற்றறி. ஈய அமில வகையில் பாதியைத்தான் செலவிடலாம். அதற்குமேல் இறக்கினால் ஆயுள் குறையும். இரண்டு நாள் தாங்க எமக்கு 116 அம்பியர் மணி தேவை என்றால், ஈயத்தில் 230 அளவில் வாங்க வேண்டும். அதன் எடை அறுபது கிலோவை நெருங்கும். லித்தியம் இரும்பு பொஸ்பேற் வகையில் பத்தில் ஒன்பது பங்கைச் செலவிடலாம். எடையும் பாதிக்கு மிகக் குறைவு. விலை அதிகம், ஆனால் பன்மடங்கு காலம் உழைக்கும். ஒரு குறை: உறைநிலைக்குக் கீழே அதற்கு மின்னேற்றக் கூடாது. நாம் 150 அம்பியர் மணி லித்தியத்தை வாங்கினோம்.

செலவழித்ததைத் திரும்ப நிரப்ப வேண்டுமே. ஓடும்போது இயந்திரத்தின் மின்பிறப்பாக்கியிலிருந்து நிரப்பலாம். பழைய வாகனங்களில் இயந்திரம் ஓடும்போது மட்டும் இரு பற்றறிகளையும் இணைக்கும் ரிலே ஒன்றே போதுமென்பர். புதிய வாகனங்களின் மின்பிறப்பாக்கி எரிபொருளைச் சேமிக்கத் தன் அழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளும். லித்தியமோ எல்லையின்றி உறிஞ்சும். ஆதலால் நடுவே மின்னேற்றும் கருவி ஒன்று வேண்டும். 30 அம்பியர் கருவியானால் இரண்டு மணி நேர ஓட்டத்தில் 60 அம்பியர் மணி, அதாவது ஒரு நாளின் செலவு, திரும்பிவிடும். கூரையில் 100 வாற் சூரியத் தகடு கோடையில் நாளொன்றுக்கு 25 முதல் 30 வரை தரும். மார்கழியில் அதில் நான்கிலொரு பங்கும் அரிது. தகடு வெயிலைக் கேட்கும், பெட்டி நிழலைக் கேட்கும். இருவரையும் ஒருங்கே திருப்திப்படுத்த இயலாது.

12 வோல்ற் ஆளைத் தாக்காது என்பதால் பலர் அலட்சியமாக இருக்கின்றனர். கம்பி உரசிக் குறுஞ்சுற்று ஏற்பட்டால் அதே பற்றறி கம்பியைச் செந்தணலாக்கி வாகனத்தையே எரித்துவிடும். பற்றறியின் நேர் முனைக்கு மிக அருகிலேயே உருகி பொருத்தப்படல் வேண்டும். மெல்லிய நீண்ட கம்பியும் ஆகாது. வழியிலே மின்னழுத்தம் குறைந்து, பற்றறி நிறைந்திருக்கும்போதே பெட்டி நின்றுவிடும்.

மறு கோடையில் அதே ஆற்றங்கரைக்குச் சென்றோம். நான்கு நாள் தங்கினோம். இடையில் ஒருநாள் சந்தைக்கு வாகனத்தில் போய்வந்தோம். மாமி தினமும் காலையில் பெட்டியைத் திறந்து வெப்பமானியைப் பார்த்தார். "அஞ்சு நிக்குது தம்பி" என்பார். இன்சுலினைக் குளிர்த்தகட்டோடு ஒட்டி வைக்காமல் கதவுப் பக்கமாக ஒரு டப்பாவில் வைத்திருந்தார். உறைந்த இன்சுலினும் பயன்படாது என்று மருந்துக் கடையில் சொல்லி அனுப்பியிருந்தார்களாம்.