டி. என். ஏ. அலகுகளை ஆக்கும் நொதியம்

கலமொன்று இரண்டாகப் பிரியுமுன் தன் டி. என். ஏ. முழுவதையும் இரட்டித்துக் கொள்ளல் வேண்டும். இதற்கு வேண்டிய நால்வகை டீஒட்சியிரைபோநியூக்கிளியோரைட்டுகளும் கலத்தில் மிகச் சிறிதளவே இருப்பிலுள்ளன. ஆர். என். ஏ. யின் அலகுகளாகிய இரைபோநியூக்கிளியோரைட்டுகளிலிருந்து அவை தேவைக்கேற்ப ஆக்கப்படுகின்றன. இம்மாற்றத்தை நிகழ்த்துவதே இரைபோநியூக்கிளியோரைட்டுத் தாழ்த்துநொதியம் ஆகும்.

இரைபோசு வெல்லத்தின் இரண்டாம் காபனிலுள்ள ஐதரொட்சில் கூட்டத்தை அகற்றி, அவ்விடத்தில் ஐதரசன் அணுவொன்றை அமர்த்துவதே இதன் தொழில். தாளில் எழுதுங்கால் இது சிறு மாற்றமே. ஆயின், உறுதிமிக்க காபன்–ஒட்சிசன் பிணைப்பை உடைத்தல் எளிதன்று. சுவீடன் நாட்டறிஞர் பீற்றர் றைக்காட்டும் அவர்தம் சகாக்களும் ஈ. கோலை பற்றீரியத்தின் நொதியத்தை ஆராய்ந்து, 1970களில் வியப்பூட்டும் உண்மையொன்றை வெளிப்படுத்தினர். பொதுவாகக் கணப்பொழுதில் அழிந்துவிடும் சுயாதீன மூலிகமொன்று இப்புரதத்தினுள் நிலைபெற்றிருந்தது.

அந்நொதியம் இருவகை உபவலகுகளைக் கொண்டது. சிறிய உபவலகில் இரண்டு இரும்பணுக்களின் அருகே தைரோசின் மூலிகம் அமைந்துள்ளது. தாக்கம் நிகழுமிடமோ பெரிய உபவலகில், ஏறத்தாழ 3.5 நனோமீற்றர் தொலைவிலுள்ளது. மூலிகத் தன்மை அமினோவமிலத் தொடரொன்றினூடாக அங்குள்ள சிசுத்தெயினைச் சென்றடைகிறது. அச்சிசுத்தெயின் வெல்லத்தின் மூன்றாம் காபனிலிருந்து ஐதரசன் அணுவொன்றைக் கவர்கிறது. அதன் பின்னரே இரண்டாம் காபனின் ஐதரொட்சில் நீராக வெளியேறுகிறது. தாக்கம் முடிந்ததும் கவர்ந்த ஐதரசன் மீள அளிக்கப்பட, மூலிகம் தைரோசினுக்குத் திரும்புகிறது.

உற்பத்தி நடந்தாற் போதாது. நான்கு அலகுகளும் உரிய விகிதத்தில் அமைதலும் இன்றியமையாதது. விகிதம் பிறழின் டி. என். ஏ. பிரதியாக்கத்தில் தவறுகள் பெருகி விகாரங்கள் தோன்றும். எனவே விளைபொருள்களே நொதியத்தை நெறிப்படுத்துகின்றன. தைமின் அலகு மிகும்போது குவானின் அலகின் ஆக்கம் தூண்டப்படுகிறது. குவானின் அலகு மிகும்போது அடினின் அலகின் ஆக்கம் தூண்டப்படுகிறது. டீஒட்சி அடினோசின் மூபொசுபேற்று மிகுந்தால் நொதியத்தின் தொழிற்பாடு முழுவதுமே தடைப்படும்.

விரைந்து பிரியும் கலங்களுக்கு இந்நொதியம் பெரிதும் தேவைப்படுவதால், மருத்துவத்தில் இது முக்கிய இலக்காயிற்று. 1869இல் முதன்முதல் தொகுக்கப்பட்ட ஐதரொட்சியூரியா அத்தைரோசின் மூலிகத்தை அழிக்கவல்லது. சிலவகைக் குருதிப் புற்றுநோய்களுக்கு அது பயன்பட்டது. பின்னர் அரிவாட்கலச் சோகையில் முதிர்மூலவுருவின் ஈமோகுளோபினை மிகுவித்து நோவைத் தணிப்பது அறியப்பட்டு, 1998இல் ஐக்கிய அமெரிக்காவில் அந்நோய்க்கும் அனுமதி பெற்றது. எனினும், எலும்பு மச்சையின் நலமான கலங்களும் இதே நொதியத்தை நம்பியே பிரிகின்றன. ஆதலின் மருந்தின் அளவு மிகுந்தால் குருதிக்கலங்கள் குன்றும். நோயைத் தணிக்கும் அளவுக்கும் தீங்கு விளைக்கும் அளவுக்கும் இடையேயுள்ள எல்லையைக் காக்கவே, இம்மருந்தை உட்கொள்வோரின் குருதி காலந்தோறும் சோதிக்கப்படுகின்றது.