இளம் புலிகளின் எழுச்சி

காற்பந்து ஆட்டக்காரரின் உச்சக் காலம் மிகக் குறுகியது. முப்பது வயதைக் கடந்ததும் பலருடைய ஓட்டத்தில் வேகம் குறையத் தொடங்கும். காயங்கள் ஆறவும் நாள் பிடிக்கும். எனவே, எந்தத் தேசியக் குழுவும் ஒரே ஆட்டக்காரர்களை நம்பிப் பல ஆண்டுகள் களம் காண இயலாது. மூத்தவர்கள் விடைபெறும் முன்பே அவர்களுடைய இடத்தை நிரப்பக்கூடிய இளையோரை உருவாக்க வேண்டும். இதனைக் குழுவின் மறுசீரமைப்பு என்பர். இப்பணி எவ்வாறு நடைபெறுகிறது, அதற்கு எவ்வளவு பொறுமை தேவை என்பதை நம் நாட்டுக் காற்பந்து வரலாறே எடுத்துக்காட்டுகிறது.

2007ஆம் ஆண்டில் ஆசியக் கிண்ணப் போட்டியை மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து, வியட்நாம் ஆகிய நான்கு நாடுகள் இணைந்து நடத்தின. சொந்த மண்ணில் விளையாடிய மலேசியக் குழு சீனாவிடம் 1-5, உஸ்பெகிஸ்தானிடம் 0-5, ஈரானிடம் 0-2 எனத் தோல்வி கண்டது. மூன்று ஆட்டங்களில் பன்னிரண்டு கோல்களை விட்டுக்கொடுத்து, ஒரே ஒரு கோலை மட்டுமே அது புகுத்தியது. ரசிகர்கள் மனமுடைந்து போயினர்.

அதே ஆண்டில் மலேசியக் காற்பந்துச் சங்கம் ‘ஹரிமாவ் மூடா’ என்னும் இளையோர் குழுவை அமைத்தது. ‘இளம் புலி’ என்பது இப்பெயரின் பொருளாகும். பொதுவாக, தேசிய ஆட்டக்காரர்கள் வெவ்வேறு மாநிலக் குழுக்களில் விளையாடிவிட்டு, போட்டிக்கு முன் சில நாள்கள் மட்டுமே ஒன்றுகூடுவர். தோழர் எந்தப் பக்கம் ஓடுவார், எப்போது பந்தை விடுவார் என்பதை அச்சில நாள்களில் அறிந்துகொள்வது கடினம். ஹரிமாவ் மூடா ஆட்டக்காரர்களோ ஆண்டு முழுவதும் ஒன்றாகப் பயிற்சி செய்தனர். உள்ளூர் லீக் போட்டியிலும் ஒரே குழுவாகக் களமிறங்கினர். 2009ஆம் ஆண்டில் பிரிமியர் லீக் வெற்றியாளர் பட்டத்தையும் அவர்கள் வென்றனர். அவ்வாண்டு முதல் 2011 வரை உள்ளூர் லீக்கில் வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் சேர்த்துக்கொள்ளப்படவில்லை. இதனால், மற்றக் குழுக்களிலும் உள்நாட்டு இளைஞர்களுக்கு வாய்ப்புக் கூடியது.

பயிற்சி மட்டும் போதாது. அதனைச் சோதித்துப் பார்க்கவும் களம் வேண்டும். அதற்குத் துணைபுரிபவையே நட்புமுறை ஆட்டங்கள். இவற்றில் தோற்றாலும் போட்டியிலிருந்து வெளியேற வேண்டியதில்லை. அதிகமான மாற்று ஆட்டக்காரர்களைக் களமிறக்கவும் விதி இடங்கொடுக்கிறது. ஆகவே, பயிற்றுநர் புதியவர்களுக்கு வாய்ப்பளித்து, நெருக்கடியான வேளையில் யார் பதறுகிறார், யார் நிதானம் காக்கிறார் என்பதைக் கண்டறியலாம்.

2009ஆம் ஆண்டு தேசியக் குழுவின் பொறுப்பை ஏற்ற பயிற்றுநர் கே. ராஜகோபால், சிலாங்கூர் அணியின் முன்னாள் ஆட்டக்காரர். அவ்வாண்டு ஜூலை 18ஆம் நாள் புக்கிட் ஜாலில் அரங்கில் மலேசியக் குழு, இங்கிலாந்தின் லீக் வெற்றியாளரான மென்செஸ்டர் யுனைடெட் குழுவை எதிர்கொண்டது. இரண்டு கோல்கள் பின்தங்கியிருந்த நிலையில், அம்ரி யாஹ்யா இரண்டு கோல்களைப் புகுத்தி ஆட்டத்தைச் சமன் செய்தார். இறுதிக் கட்டத்தில் மைக்கல் ஓவன் புகுத்திய கோலால் மலேசியா 2-3 எனத் தோற்றது. இரண்டு நாள்களுக்குப் பின் நடந்த மற்றோர் ஆட்டத்திலும் 0-2 எனத் தோல்வியே கிட்டியது. எனினும், உலகப் புகழ்பெற்ற குழுவுக்கு ஈடுகொடுக்க முடியும் என்னும் துணிவு பிறந்தது. அம்ரிக்கு அப்போது வயது 28. மூத்தவர்களின் அனுபவமும் இளையோரின் வேகமும் இணைந்தால்தான் குழு வலுப்பெறும் என்பதை இதன்வழி உணரலாம்.

அதே ஆண்டு டிசம்பரில் லாவோஸ் நாட்டில் சீ விளையாட்டுப் போட்டி நடைபெற்றது. அதன் காற்பந்துப் பிரிவு 23 வயதுக்குட்பட்டோருக்கானது. தொடக்கச் சுற்றில் மலேசிய இளைஞர்கள் வியட்நாமிடம் 1-3 எனத் தோற்றனர். இறுதியாட்டத்தில் மீண்டும் அதே வியட்நாமைச் சந்தித்து, 1-0 என வென்றனர். 1989ஆம் ஆண்டுக்குப் பிறகு மலேசியாவுக்குக் கிடைத்த முதல் சீ விளையாட்டுக் காற்பந்துத் தங்கம் இதுவாகும்.

அக்குழுவினர் பலர் 2010ஆம் ஆண்டு ஆசியான் சுசுகி கிண்ணப் போட்டியிலும் நாட்டைப் பிரதிநிதித்தனர். முதல் ஆட்டத்திலேயே ஜகார்த்தாவில் இந்தோனேசியா 5-1 என மலேசியாவை வீழ்த்தியது. அத்தோல்விக்குப் பின்னரும் ராஜகோபால் இளைஞர்கள் மீது வைத்திருந்த நம்பிக்கையைக் கைவிடவில்லை. குழு மெல்ல நிமிர்ந்தது. தாய்லாந்துடன் சமநிலை கண்டது, லாவோசை வென்றது, அரையிறுதியில் நடப்பு வெற்றியாளரான வியட்நாமை வெளியேற்றியது. இறுதிச் சுற்றில் இந்தோனேசியா மீண்டும் எதிரே நின்றது. படுதோல்வி கண்ட 25ஆம் நாளில், புக்கிட் ஜாலில் அரங்கில் மலேசியா 3-0 என வெற்றி பெற்றது. ஜகார்த்தாவில் நடந்த இரண்டாம் ஆட்டத்தில், 21 வயதுக் கோல் காவலர் கைருல் பாஹ்மி பினால்டி உதை ஒன்றைத் தடுத்து நிறுத்தினார். அவ்வாட்டத்தில் 1-2 எனத் தோற்றபோதிலும், மொத்தம் 4-2 என்னும் கோல் கணக்கில் மலேசியா முதன்முறையாக அக்கிண்ணத்தைக் கைப்பற்றியது. ஐந்து கோல்கள் புகுத்திய சாபி சாலி, போட்டியின் தலைசிறந்த கோல் மன்னராகத் திகழ்ந்தார்.

இவ்வெற்றிகளுக்கு அடிப்படையாக அமைந்தவை மூன்று. இளையோர் நீண்ட காலம் ஒன்றாக விளையாடினர். வலிமைமிக்க குழுக்களுடன் மோதும் வாய்ப்பைப் பெற்றனர். தோற்றபோது ஒதுக்கப்படாமல், அதே எதிரியை மீண்டும் சந்திக்கும் வாய்ப்பையும் பெற்றனர். இவற்றுள் மூன்றாவதே மிக அரியது. 1-5 என்னும் தோல்விக்குப் பின் குழுவையே கலைத்திருந்தால், அம்மாதத்தின் இறுதியில் கிண்ணம் நம் நாட்டுக்கு வந்திருக்காது.

மறுசீரமைப்பு ஒருமுறை செய்து முடிக்கும் வேலையன்று. 2011ஆம் ஆண்டு சீ விளையாட்டுத் தங்கத்தை மலேசியா தற்காத்துக்கொண்டது. எனினும், 2015ஆம் ஆண்டில் ஹரிமாவ் மூடா திட்டம் முடிவுக்கு வந்தது. அன்றைய இளம் புலிகளும் காலப்போக்கில் மூத்த ஆட்டக்காரர்களாகிவிட்டனர். ஒரு தலைமுறை வெற்றிக் கனியைச் சுவைக்கும்போதே அடுத்த தலைமுறைக்கான நாற்றை நட்டாக வேண்டும். அந்நாற்று வளரும் வரை சில தோல்விகளைத் தாங்கிக்கொள்ளும் பொறுமை, பயிற்றுநருக்கு மட்டுமன்றி அரங்கில் அமர்ந்திருக்கும் நமக்கும் வேண்டும்.