குலதெய்வம் எந்த ஊரில்?

ஆலயத் திருவிழாக்களில் பெயரும் நட்சத்திரமும் கூறி அர்ச்சனை செய்யும் பக்தர்கள் பலர், "நம் குலதெய்வம் எது? பூர்வீக ஊர் எது?" எனப் பிள்ளைகள் வினவினால் விடை கூற இயலாது திகைக்கின்றனர். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்த முன்னோரோடு அவ்விடையும் மறைந்துவிட்டது. எனினும், முயன்று தேடுவோருக்கு வழிகள் உண்டு.

மலாயாவுக்கு ஒப்பந்த முறையில் ஆள் சேர்ப்பது 1910ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. கங்காணி முறையோ, 1938இல் இந்திய அரசு தடை விதிக்கும்வரை நீடித்தது. கங்காணிகள் பெரும்பாலும் தம் சொந்த ஊரிலும் சுற்றுவட்டாரத்திலுமே ஆள் சேர்த்தனர். ஆகவே, ஒரு குடும்பம் ஊர்ப்பெயரை மறந்திருப்பினும், அதே கங்காணியின்கீழ் வந்த அடுத்த லயன் வீட்டாரின் வழியினர் அதனை நினைவில் வைத்திருக்கக்கூடும்.

தோட்டத்து ஆலயமும் ஒரு சான்றே. மாரியம்மன், முனீஸ்வரர், மதுரை வீரன் எனத் தம் ஊரில் வணங்கிய தெய்வங்களையே முன்னோர் இங்கும் நிலைநிறுத்தினர். பழைய உபயப் பட்டியல்கள், கும்பாபிஷேகக் கல்வெட்டுகள், திருவிழா அழைப்பிதழ்கள் ஆகியவற்றில் பெயர்களும், சிலவற்றில் ஊர்களும் காணப்படும்.

பிறப்புப் பத்திரம் முதலியவற்றைப் பார்க்கையில் கவனம் தேவை. செவிவழி கேட்ட தமிழ்ப் பெயர்களைக் கிராணிமார் ஆங்கிலத்தில் பலவாறு எழுதினர். எழுத்தை விடுத்து ஒலியைக் கொண்டே தேடவேண்டும். பழைய மாவட்டங்களும் பிரிக்கப்பட்டுவிட்டன. அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்துக் கிராமம் இன்று நாகப்பட்டினம், திருவாரூர் அல்லது மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கலாம். ஆதலால் வட்டத்தின் பெயரையும் கேட்டறிதல் நலம்.

சில குடும்பங்களில் தேடல் சயாம் மரண ரயில்பாதையோடு நின்றுவிடுகிறது. 1942, 1943ஆம் ஆண்டுகளில் தோட்டங்களிலிருந்து அங்குக் கொண்டு செல்லப்பட்டு மடிந்தோர் பலருக்குக் கல்லறையும் இல்லை, இறந்த திதியும் தெரியாது. அத்தகையோருக்கு மகாளய அமாவாசையில் தர்ப்பணம் செய்யலாம் என்பது மரபு. அதற்கும் பெயர் தெரிந்திருக்கவேண்டுமன்றோ!

தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. ஆலயங்கள் இடம் மாறும்போது பழைய கல்வெட்டொன்று உடைந்தால், சில குடும்பங்களின் ஊரும் அத்துடன் அழியும். ஆகவே, ஆலய நிர்வாகத்தினர் அவற்றைப் படமெடுத்துப் பாதுகாத்தல் வேண்டும். சிதறிச் சென்ற தோட்டத்து மக்கள் மீண்டும் ஒன்றுகூடுவது திருவிழா நாளில்தான். அன்று முதியவர் ஒருவரின் அருகமர்ந்து, அவர் கூறும் பெயர்களையும் ஊர்களையும் ஏட்டில் குறித்துக்கொள்வதும் அன்னைக்குச் செய்யும் உபயமேயாகும்.