காப்பித் தோட்டம் தங்கச் சுரங்கமான மாயம்: 1880-ன் பங்கு மேடைக்குப் பின்னால் ஒரு சுற்று!

லண்டன், 1880. விக்டோரியா மகாராணி காலத்து முதலீட்டாளர் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போடலாம் என்று தவித்துக்கொண்டிருக்கிறார். உலகமே விற்பனைக்கு வந்திருக்கிறது! ஆஸ்திரேலியாவில் ஆட்டுப் பண்ணை, இலங்கையில் காப்பித் தோட்டம், தென்னாப்பிரிக்காவில் வைரச் சுரங்கப் பங்கு. இவற்றுக்கு நடுவே புத்தம்புதுச் சரக்கு ஒன்று வருகிறது: இந்தியத் தங்கம்!

அந்தத் தங்கம் எங்கே இருந்தது தெரியுமா? தேவாலா, பந்தலூர், சேரம்பாடி! ஆமாம், நம்ம நீலகிரி மாவட்டம்தான். கூடலூரில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் தேவாலாவில் இறங்கிவிடலாம். மலபாரோடு இருந்த இந்தத் தென்கிழக்கு வயநாட்டுப் பகுதி 1877-ல்தான் நீலகிரியோடு சேர்ந்தது. அடுத்த சில ஆண்டுகளில் லண்டன் பங்குச் சந்தையில் இதன் பெயர் கொடிகட்டிப் பறந்தது. சுமார் 40 கம்பெனிகள், ஏறக்குறைய 50 லட்சம் பவுண்ட் மூலதனம். அந்தக் காலத்து 50 லட்சம்!

மேடையில் எல்லோரும் பார்த்தது தங்கத்தை. நாம் மேடைக்குப் பின்னால் போகலாம், வாருங்கள். சுவாரசியமெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

முதல் அறை: விலைபோகாத தோட்டம்

உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுவது தங்கம் இல்லை, காப்பிச் செடி. அதுவும் நோயில் வாடிய செடி.

1840-களிலிருந்து ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் இந்தக் காடுகளை வெட்டிக் காப்பி போட்டார்கள். ஆக்டர்லோனி என்ற துரை தோட்டம் போட்ட பள்ளத்தாக்கைத்தான் இன்றும் ஓவேலி என்கிறோம். இருபது வருடம் நல்ல வருமானம். அப்புறம் 1860-களில் தண்டு துளைப்பான் வண்டு வந்தது. 1869-ல் இலங்கையில் தலைகாட்டிய இலைத்துரு நோய் கொஞ்ச காலத்தில் இங்கேயும் பரவியது. தோட்டக்காரர் கையில் மிஞ்சியது கடன் மட்டும்தான். விற்றுவிட்டு ஊர் போய்ச் சேரலாம் என்றால் நோய்பிடித்த தோட்டத்தை யார் வாங்குவார்?

ஆனால் அதே தோட்டத்தின் நடுவே வெள்ளை வெளேரென்று வெங்கச்சாங்கல் (குவார்ட்ஸ்) பாறை நரம்புகள் ஓடின. அந்தக் கல்லுக்குள் தங்கம் இருந்தது! ஏமாற்று இல்லை, நிஜமாகவே இருந்தது. இந்தக் கதையின் சூடு முழுக்க அந்த ஒரு உண்மையில்தான் இருக்கிறது.

இரண்டாவது அறை: ஓடைக்கரை

துரைமார்களுக்கு வெகுகாலம் முன்பே குறும்பர், பணியர் என்ற பழங்குடியினர் இந்த ஓடைகளில் தங்கம் அரித்தார்கள். அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஓடை மண்ணை மரத்தட்டில் அள்ளி, தண்ணீர் மட்டத்தில் வைத்து லேசாக ஆட்டுவார்கள். களிமண் கரைந்து போகும். பெருமணல் விளிம்பைத் தாண்டி வழியும். தட்டின் அடியில் கருமணல் ஒரு கோடாகத் தங்கும். இன்னும் ஒரு சின்ன ஆட்டு. அந்தக் கருங்கோட்டின் ஓரத்தில் கடுகில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத மஞ்சள் பொட்டு ஒன்று மினுக்கும். நாள் முழுக்கக் குனிந்து நின்றால் ஒரு நாள் கூலி தேறும்.

அந்தப் பொட்டுகளின் பின்னாலேயே போனவர்கள், இதற்குத் தாய்ப்பாறை எங்கே என்று கேட்டார்கள். 1874 வாக்கில் தேவாலா பக்கம் ஆல்ஃபா என்ற கம்பெனி வேலை தொடங்கியது. 1875-ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் வில்லியம் கிங் வந்து பார்த்து அறிக்கை எழுதினார். தீ பற்றிக்கொண்டது!

மூன்றாவது அறை: நிபுணரின் கிண்ணம்

எனக்கு ரொம்பப் பிடித்த அறை இது. இந்திய அரசு 1879-ல் ஒருவரை வரவழைத்தது. பெயர் ராபர்ட் பிரௌ ஸ்மித். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா காலனியில் சுரங்கத் துறைச் செயலாளராக இருந்தவர், தங்கவயல்களைப் பற்றிப் பெரிய புத்தகமே எழுதியவர். இதைவிடப் பெரிய பெயர் வேண்டுமா?

அவர் தோட்டம் தோட்டமாக நடந்தார். பாறை நரம்புகளைக் குறித்தார், கற்களைச் சோதனைக்கு எடுத்தார். தங்கத்தை அளக்கும் விதமே ஒரு அதிசயம். கல்லைப் பொடித்து ஈயச் சேர்மத்தோடு உருக்குவார்கள். பொடியில் இருக்கும் தங்கத்தையெல்லாம் ஈயம் தன்னோடு சேர்த்துக்கொண்டு உருண்டையாக அடியில் இறங்கும். அந்த உருண்டையை எலும்புச் சாம்பலில் செய்த குட்டிக் கிண்ணத்தில் வைத்துச் சூடேற்றினால் ஈயத்தைக் கிண்ணமே உறிஞ்சிவிடும். கடைசியில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு மணி மிஞ்சும். வெள்ளியை அமிலத்தில் கரைத்து நீக்கி, மிச்சத்தை நிறுத்தால் ஒரு டன் கல்லில் எவ்வளவு தங்கம் என்ற கணக்கு வந்துவிடும்.

1880-ல் வந்த அறிக்கை, டன்னுக்குக் கிடைக்கும் தங்கத்தின் கணக்கை நம்பிக்கையூட்டும்படி சொன்னது. லண்டன் துள்ளிக் குதித்தது!

ஆனால் சோதித்த கல் பெரும்பாலும் மேற்பரப்புக் கல். ஆயிரமாயிரம் மழைக்காலம் ஊறி, இற்று, சிதைந்த கல். அதில் தங்கம் தனித்து நிற்கும். ஆழம் போகப்போகத் தங்கம் கந்தகமும் இரும்பும் கலந்த தாதுவோடு பிணைந்துகொள்ளும். அன்றைக்குத் தங்கத்தைப் பிடிக்கக் கையில் இருந்த வழி பாதரசம். பிணைந்த தங்கத்தைப் பாதரசம் சரியாகப் பிடிக்காது. அதைக் கரைத்தெடுக்கும் சயனைடு முறைக்குக் காப்புரிமை வாங்கியதே 1887-ல்தான்.

நான்காவது அறை: காகிதம் தயாராகும் இடம்

இப்போது முக்கியமான அறைக்கு வந்துவிட்டோம். தோட்டக்காரர் தோட்டத்தை நேராகப் பொதுமக்களிடம் விற்கவில்லை. நடுவில் கம்பெனி கட்டுபவர் ஒருவர் வருகிறார். தோட்டத்தை ஒரு விலை பேசி முடிக்கிறார். அதைப் பலமடங்கு விலைக்கு, தானே உருவாக்கும் புதுக் கம்பெனிக்கு விற்கிறார். கம்பெனியின் இயக்குநர் பட்டியலில் பட்டப்பெயர் கொண்ட பிரபுக்களும் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரிகளும் இருந்தால் முகப்புக்கு அழகு. நிபுணர் அறிக்கையிலிருந்து இனிப்பான பத்தி ஒன்று. பங்கு விற்கும் விளக்கக் காகிதமான பிராஸ்பெக்டஸ் தயார்!

உள்கணக்கைப் பார்க்க ஒரு உதாரணம் போடுவோம். கம்பெனியின் மூலதனம் ஒரு லட்சம் பவுண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 80 ஆயிரம் தோட்டத்தின் விலையாக, பாதி ரொக்கமும் பாதி பங்குமாக, விற்றவருக்குப் போகிறது. மீதி 20 ஆயிரத்தில் கல் இடிக்கும் இயந்திரம் வாங்கி, கப்பலில் ஏற்றி, மலையேற்றி, மேலாளருக்குச் சம்பளம் கொடுத்து, குகை வெட்டி, கூலி கொடுக்க வேண்டும். முதல் கல் உடைவதற்கு முன்பே பெரும்பணம் கைமாறிவிட்டது. சுரங்கம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் விற்றவருக்கு லாபம்!

தென்கிழக்கு வயநாடு எஸ்டேட்ஸ் அண்ட் கோல்டு மைனிங் கம்பெனி என்றே ஒன்று இருந்தது. பெயரிலேயே தோட்டமும் தங்கமும் கைகோத்து நிற்பதைப் பாருங்கள்! இந்தியன் கிளென்ராக், தேவாலா மோயார் என்று இன்னும் வரிசையாக வந்தன. ஏக்கர் விலை நூற்றுக்கணக்கான பவுண்டுக்குப் போனது.

ஐந்தாவது அறை: நிலம் யாருடையது?

லண்டனில் பங்கு வாங்கியவர் இந்த அறையின் கதவைத் தட்டவே இல்லை. தேவாலாவைச் சேர்த்த நம்பாலக்கோடு பகுதி நிலத்தின் ஜன்மி, அதாவது பரம்பரை உடைமையாளர், நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பம். தோட்டக்காரர்களில் பலர் அவர்களிடம் குத்தகைக்கு எடுத்தவர்கள். அந்தக் காட்டிலேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பணியருக்கும் குறும்பருக்கும் எந்தப் பத்திரத்திலும் இடமில்லை. தங்கம் இருக்கும் ஓடையைக் காட்டியவர்களுக்கு ஒரு பங்குகூட எழுதப்படவில்லை. இந்த ஆட்டத்தில் என் மனசை நிஜமாகவே உறுத்துவது இதுதான்.

அந்த நிலச் சிக்கல் இன்னும் தீரவில்லை. கூடலூர் ஜன்ம நிலங்களை ரயத்துவாரியாக (விவசாயி நேரடியாக அரசிடம் வரி கட்டும் முறை) மாற்ற 1969-ல் தமிழக அரசு தனிச் சட்டமே கொண்டுவந்தது. நாடு முழுக்கக் காடுகளின் தலையெழுத்தை மாற்றிய கோதவர்மன் திருமுல்பாடு வழக்கு 1995-ல் உச்ச நீதிமன்றத்தில் தொடங்கியதே கூடலூர்க் காடுகளைக் காப்பாற்றச் சொல்லித்தான். வழக்குப் போட்டவர் நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்தவர்!

திரை விழுந்தது

பங்கு விற்றுத் தீர்ந்ததும் பந்தலூர் களைகட்டியது. தபால் ஆபீஸ், ஹோட்டல், கடைகள் என்று காட்டுக்கு நடுவே ஒரு குட்டி நகரம். மேற்குக் கரையில் இறங்கிய கனத்த இரும்பு இயந்திரங்கள் மலைப்பாதையில் ஏறின. மலேரியா ஆளை அடித்துப் போட்டது. கடைசியில் கல்லை இடித்துப் பார்த்தால், கிடைத்த தங்கம் அறிக்கைக் கணக்கின் பக்கத்தில்கூட வரவில்லை. சில வருடங்களில் கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கடையைக் கட்டின.

அதே அலையில் 1880-ல் பிறந்த இன்னொரு கம்பெனி மைசூர் கோல்டு மைனிங் கம்பெனி. இடம் கோலார். அங்கேயும் பணம் கரைந்து, பங்கு அடிமாட்டு விலைக்கு வந்துவிட்டது. ஆனால் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிர்வாகம் கடைசியாக ஒரு முறை தோண்டிப் பார்க்கச் சொன்னது. கேப்டன் பிளம்மர் பழங்காலத்து ஆட்கள் வெட்டிய குழிகளைப் பிடித்துக்கொண்டே கீழே இறங்கினார். 1883-ல் சாம்பியன் நரம்பு அகப்பட்டது! அதிலிருந்து 2001 பிப்ரவரி 28-ல் மூடும் வரை கோலார் தங்கவயல் கொடுத்தது சுமார் 800 டன் தங்கம். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழத்துக்கு இறங்கி அதை வெட்டியெடுத்தவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து போன நம் தமிழ்த் தொழிலாளிகள்.

கோலாரிலும் வயநாட்டிலும் பங்கு விற்ற காகிதம் ஒரே அச்சுதான். கீழே இருந்த பாறைதான் வேறு. காகிதத்தை மட்டும் படித்தவருக்கு அந்த வித்தியாசம் தெரிய வழியே இல்லை.

தங்கம் தேடிய மேடுகளில் இன்று தேயிலை நிற்கிறது. சேரம்பாடி, பந்தலூர், சேரங்கோடு பக்கம் அரசின் டேன்டீ தோட்டங்களில் கொழுந்து பறிப்பவர்களில் பலர், 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பத்தினர். தேவாலா பக்கம் பழைய குகைகள் இன்னும் இருக்கின்றன. அனுமதியில்லாமல் அவற்றில் இறங்கித் தோண்டி உயிரைவிட்டவர்கள் உண்டு. ஊர் பார்க்கப் போனால் தயவுசெய்து குகைப் பக்கம் போகாதீர்கள்.

மனையோ தோட்டமோ புதுக் கம்பெனிப் பங்கோ, விற்பனை விளம்பரம் எது கண்ணில் பட்டாலும் இதை மட்டும் செய்யுங்கள். முகப்புப் பெயர்களைத் தாண்டிப் போய், விற்பவர் எவ்வளவு ரொக்கத்தை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார் என்று முதலில் பாருங்கள். நிலத்தின் மூலப்பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்று அடுத்துக் கேளுங்கள். இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்த பிறகு பணத்தை எடுங்கள்.