வேன் ஏறும் புளிச்சோறு

சுங்கை பஞ்சாங் பக்கத்துத் தோட்டக் கோயிலின் பின்கட்டில் தீபாவளி அன்று மத்தியானம் என்ன நடக்கும் தெரியுமா? விடியற்காலையில் தேய்த்த எண்ணெய் காதோரம் இன்னும் மினுமினுக்க, புதுச்சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, பையன்கள் அண்டா தூக்கிக்கொண்டிருக்கிறார்கள்! பொழுது சாய்வதற்குள் 200 பொட்டலம் கோலாலம்பூருக்குக் கிளம்பியாக வேண்டும். தெருவோரம் படுப்பவர்களுக்குத் தீபாவளிச் சாப்பாடு.

வாசனையைப் பிடித்துக்கொண்டே அடுப்படிக்குள் நுழைந்துவிட்டேன். அடடா! சுற்றிலும் தென்னை. ஆனால் சமையலில் ஒரு சில்லுத் தேங்காய் கிடையாது. ஏனாம்?

"தேங்காய் சேர்த்தா தஞ்சோங் காராங் தாண்டுறதுக்குள்ள ஊசிப்போயிடும்யா. கட்டுச்சோறுன்னா புளிச்சோறுதான்" என்கிறார் கரண்டியும் கையுமாக நிற்கும் பெரியம்மா.

புளிக்காய்ச்சலில் நல்லெண்ணெய் பிரிந்து மேலே மிதக்கிறது. மண்டபத்தில் வெள்ளை வேட்டிகளை விரித்து, செகிஞ்சான் அரிசிச் சோற்றைப் பரப்பி, மேலே மின்விசிறியை முழு வேகத்தில் சுழலவிட்டிருக்கிறார்கள். சூட்டோடு கட்டினால் பொட்டலத்துக்குள் வேர்த்துவிடுமாம். சோறு ஆறுகிற வரைக்கும் யாரும் குறுக்கே நடக்கக்கூடாது. நான் நடந்தேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன்!

உண்மையான ரகசியம் உரலில் இருக்கிறது. வறுத்த கடலையை ஒரு அக்கா ஒன்றிரண்டாக இடிக்கிறார். முழுசாகப் போட்டால்தானே ருசி?

"பல்லு போனவங்க நெறைய பேரு இருக்காங்க தம்பி. எப்படிக் கடிப்பாங்க?"

முறுக்கு டின்கள் ஓரமாக ஒதுங்கி நிற்பதும் அதனால்தான். போகப்போவது வாயில் வைத்ததும் கரையும் நெய்யுருண்டை. பார்க்காத ஒருவரின் பல்லை நினைத்துக் கடலை இடிக்கும் இந்தக் கையைக் கும்பிடலாம் போல இருந்தது.

கறி கிடையாது. சைவமாக இருந்தால் மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் யோசிக்காமல் கை நனைப்பார்கள். கோலாலம்பூரில் 2006 முதல் பசியாற்றிவரும் கெச்சாரா சூப் கிச்சன் கொடுப்பதும் சைவம்தான். 2014 ஜூலையில், நகர மையத்தைச் சுற்றி 2 கிலோமீட்டருக்குள் இலவச உணவு கொடுக்கக்கூடாது என்று அமைச்சர் ஒருவர் அறிவித்தபோது நாடே பேசியது. சோறு கொடுத்த கைகள் ஓயவில்லை.

நாலு மணிக்கு வேன். மடியில் ஒரு கூடை, காலடியில் ஒரு கூடை. செகிஞ்சான் வயல், கோலா சிலாங்கூர், ஈஜோக்... வண்டி முழுக்கப் பெருங்காய வாசம்!

இறங்கும்முன் பெரியம்மா ஒரு தடவை எல்லாரையும் பார்த்தார். போனை எடுத்துப் படம் பிடிக்கக்கூடாது. நின்றபடி நீட்டக்கூடாது, உட்கார்ந்து ரெண்டு கையாலும் கொடுக்கணும். அவ்வளவுதான் சட்டம்.

ஜாலான் துன் டான் சியூ சின் கடைவரிசையில் அட்டைப்பெட்டியை விரித்து உட்கார்ந்திருந்தார் ஒரு தாத்தா. பொட்டலத்தைப் பிரிக்காமல் மூக்கருகே கொண்டுபோனார்.

"எந்தத் தோட்டம்மா நீங்க?"

பெரியம்மா சொன்னார். தாத்தா நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். அவர் புக்கிட் ரோத்தான் பக்கம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவராம். தோட்டம் கைமாறியது, குடியிருந்த லயத்தை இடித்தார்கள், பிறகு எங்கெங்கோ வேலை. அதற்குமேல் அவர் சொல்லவில்லை, பெரியம்மாவும் தோண்டவில்லை. "இன்னும் ரெண்டு உருண்டை வைக்கவா அண்ணே?" என்றார்.

அண்ணே! அந்தச் சொல்லுக்குத் தாத்தாவின் முகம் மலர்ந்ததே, பார்த்திருக்கணும் நீங்கள்!

உருண்டைகளை வாங்கி ஒன்றை வாயில் போட்டார். இன்னொன்றைப் பக்கத்துத் தூணில் சாய்ந்திருந்த சீனக் கிழவரின் உள்ளங்கையில் வைத்து, வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் சொல்வதுபோலச் சொன்னார்:

"செலாமாட் ஹரி தீபாவளி!"